விளக்கில்லாத சைக்கிள்: தீவகத்து இரவுகளின் கதை

யாழ்ப்பாண நகரின் இரவும் தீவகத்தின் இரவும் ஒன்றல்ல. நகரில் ஒரு வீதி விளக்கு அணைந்தாலும் கடை வெளிச்சமோ வீட்டு முற்றத்து வெளிச்சமோ வீதியில் விழும். பண்ணைத் தாம்போதியில் ஏறிவிட்டால் அந்த உதவி இல்லை. இரு மருங்கும் கடல், நடுவே ஒரு வீதி. வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குச் செல்லும் தாம்போதியும் அப்படித்தான். நிலவற்ற இரவில் எதிரே ஒரு சைக்கிள் வருகிறது என்பதைப் பல வேளைகளில் சங்கிலியின் ஓசை கொண்டே அறிய வேண்டியிருக்கும். அந்தச் சைக்கிளில் விளக்கு இருப்பதில்லை.

சைக்கிளுக்கு விளக்குப் பூட்ட வேண்டும் என்பது பொலிஸாரின் அறிவித்தலுக்குரிய விடயம், அதில் எழுதுவதற்கு என்ன வரலாறு இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். இருக்கிறது என்பதே என் எண்ணம். எமது வீதிகளில் விளக்கில்லாமல் ஓடும் சைக்கிளை அசட்டையின் அடையாளமாக மட்டும் பார்ப்பது சரியன்று. வறுமையும் முழு விடை ஆகாது. விளக்கோடு ஓடப் பழகியிருந்த ஒரு சமூகம், குறிப்பிட்ட ஒரு காலத்தில், குறிப்பிட்ட காரணங்களால், இருட்டில் ஓடப் பழகிக்கொண்டது. காரணங்கள் மறைந்து நெடுங்காலமாகியும் பழக்கம் மறையவில்லை. அதன் விலையை இன்றும் உயிர்களால் செலுத்திக்கொண்டிருக்கிறோம்.

தீவுகளும் சைக்கிளும்

ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணைத்தீவு லைடன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆகவும், நயினாதீவு ஹார்லெம் ஆகவும், அனலைதீவு றொட்டர்டாம் ஆகவும் அவர்களின் வரைபடங்களில் இடம்பெற்றன. மக்கள் நாவில் அவை ஒட்டவில்லை. நெடுந்தீவுக்கு இட்ட டெல்ப்ட் என்ற பெயர் மட்டும் ஆங்கிலத்தில் நிலைத்து நிற்கிறது. உலகத்தில் சைக்கிளுக்குப் பேர்போன நாடு நெதர்லாந்து. அந்நாட்டு நகரங்களின் பெயர்களைத் தாங்கிய எமது தீவுகளும் பிற்காலத்தில் சைக்கிளை நம்பி வாழ்ந்தது ஒரு தற்செயல்தான். ஆனால் காரணம் ஒன்றே. இரண்டும் மேடு பள்ளமற்ற தட்டையான நிலங்கள்.

தீவகத்தில் சைக்கிள் வெறும் பயண வாகனம் அன்று. நல்ல தண்ணீர்க் கிணறு தொலைவிலுள்ள ஊர்களில் தண்ணீர்க் கலன்கள் அதன் கரியரில்தான் வருகின்றன. மீன் பெட்டி, விறகு, பனையோலை, நோயாளி, பள்ளிப் பிள்ளை எல்லாவற்றையும் அதுவே சுமந்தது. யாழ்ப்பாண நகரிலிருந்து முப்பது கிலோமீற்றருக்கு மேல் சென்றால் புங்குடுதீவின் அந்தத்தில் குறிகட்டுவான் இறங்குதுறை வரும். அங்கிருந்து நயினாதீவுக்குச் சிறு நேரப் படகுப் பயணம். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். படகிலும் சைக்கிள் ஏறும்.

இவ்வாழ்க்கையில் இருட்டுப் பயணம் தவிர்க்க முடியாதது. கடற்றொழிலாளி விடியுமுன்பே கரைக்குப் போக வேண்டும். கள் இறக்குபவரின் நாளும் இருளிலேயே தொடங்கும். நெடுந்தீவில் முதற்படகைப் பிடிக்க வேண்டியவர், கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகளுக்கிடையே இருட்டில் சைக்கிள் மிதித்துத்தான் துறைக்கு வர வேண்டும். வழியில் மாடு படுத்திருக்கும். நெடுந்தீவானால், ஒல்லாந்தர் காலத்து நினைவாகத் திரியும் குதிரைகளும் குறுக்கே வரலாம். மாலையில் தனியார் வகுப்பு முடிந்து வீடு திரும்பும் பிள்ளைகளையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும்.

சட்டத்தோடு வந்த விளக்கு

சைக்கிள் இங்கு வந்தபோது விளக்கும் சட்டமும் கூடவே வந்தன. பிரித்தானியாவில் 1888ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் சைக்கிளை ஒரு வண்டியாக ஏற்று அதற்கு வீதியில் இடமளித்தது. அதே சட்டம் ஒரு நிபந்தனையும் விதித்தது. சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்தின் பின்னிருந்து உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்வரை, செல்லும் திசையில் ஒளி தெரியுமாறு விளக்கொன்று பூட்டியிருக்க வேண்டும் என்பதே அது. வண்டிக்குரிய உரிமை வேண்டுமாயின் வண்டிக்குரிய கடமையும் உண்டு என்பது அதன் தத்துவம்.

அக்காலத்து விளக்குகள் எண்ணெய் விளக்குகள். பேர்மிங்காமில் ஜோசப் லூக்காஸ் என்பவர் 1870களின் இறுதியில் விற்கத் தொடங்கிய சைக்கிள் விளக்குகள் அவரது பெயரை உலகறியச் செய்தன. பின்னாளில் மோட்டார் வாகன மின்கருவிகளில் லூக்காஸ் என்ற பெயரை நாம் கண்டதற்கு மூலம் ஒரு சைக்கிள் விளக்கே. 1890களின் இறுதியில் கார்பைட் விளக்கு வந்தது. கல்சியம் கார்பைட் கட்டிகளின் மேல் துளித் துளியாகத் தண்ணீர் விழ, அதில் எழும் அசற்றிலீன் வாயு வெண்மையாக எரியும். எண்ணெய் விளக்கை விடப் பன்மடங்கு ஒளி. ஆனால் நாற்றமும் கூடவே வரும். ஒவ்வொரு நாளும் சாம்பலை அகற்றித் துடைக்கவும் வேண்டும்.

முன் விளக்கைப் பற்றி எவரும் தகராறு செய்யவில்லை. பின்விளக்கு வந்தபோதுதான் வாதம் மூண்டது. பிரித்தானியச் சைக்கிளோட்டிகளின் சங்கம் கட்டாயப் பின்விளக்கைப் பல்லாண்டுகள் எதிர்த்தது. முன்னால் இருப்பவனை மோதாமல் ஓட்டுவது பின்னால் வரும் மோட்டார்க்காரனின் பொறுப்பு, அந்தப் பொறுப்பை ஏழைச் சைக்கிள்காரன் தலையில் கட்டக் கூடாது என்பது அவர்களின் நியாயம். நியாயத்தில் வலு இருந்தது. ஆனால் 1939 செப்ரெம்பரில் போர் மூண்டு நாடு முழுவதும் இருட்டடிப்பு நடைமுறைக்கு வந்ததும், அந்த ஒரு மாதத்தில் வீதி மரணங்கள் முந்திய ஆண்டின் அதே மாதத்தை விட ஏறத்தாழ இரு மடங்காயின. அந்த இருட்டில் சைக்கிளுக்குப் பின்விளக்குக் கட்டாயமாயிற்று. போர் முடிந்த 1945இல் தனிச் சட்டத்தின் மூலம் அது நிலைபெற்றது.

இலங்கையிலும் சட்டம் இதே வழியில் நடந்தது. சுதந்திரத்தின் பின் வந்த 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் வாகனங்களோடு சைக்கிளையும் கவனித்தது. துவிச்சக்கர வண்டி என்று அரச கடிதங்களில் எழுதப்படும் எமது சைக்கிளுக்கு இரவில் விளக்கு வேண்டும். உள்ளூராட்சிச் சபைகள் கட்டணம் பெற்று இலக்கத் தகடு வழங்கும் வழக்கமும் நெடுநாளாக உண்டு. எங்கள் தந்தையர் தலைமுறைக்குப் பொலிஸ்காரரை நினைவூட்டிய குற்றங்கள் இரண்டு: ஒன்று டபிள்ஸ் போவது, மற்றது லைற் இல்லாமல் போவது. டைனமோ பழுதானவர் ஒரு கையில் ரோச் லைற்றைப் பிடித்துக்கொண்டோ, ஹாண்டிலில் அரிக்கன் லாம்பைக் கொளுவிக்கொண்டோ ஓடுவார். முந்நூறு யார் தூரத்துக்கும் ஏதோ ஒரு வெளிச்சம் வேண்டும் என்ற எண்ணம் அவர்களிடம் ஊறியிருந்தது.

டைனமோவும் சோளகமும்

அந்தத் தலைமுறையின் விளக்கு டைனமோ விளக்கு. போத்தல் வடிவிலான அந்தச் சிறு கருவியை முன் கவரிலோ பின் சில்லுக்கருகிலோ பூட்டியிருப்பார்கள். விசையைத் தட்டினால் அதன் தலை ரயரின் பக்கத்தில் அழுந்தும். சில்லுச் சுழலத் தலையும் சுழலும். உள்ளே காந்தம் சுழன்று கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கும். ஆறு வோல்ற், மூன்று வாற். அவ்வளவுதான் அதன் வலு. முன்னும் பின்னும் இரண்டு சிறு பல்புகளுக்கு அது போதும். பணம் படைத்தவர்களின் றலி, ஹம்பர் சைக்கிள்களில் சில்லின் குடத்துக்குள்ளேயே டைனமோ அமைந்திருந்ததும் உண்டு. 1930களில் ஸ்ரேமி ஆச்சர் நிறுவனம் சந்தைக்கு விட்ட அமைப்பு அது.

டைனமோவின் வெளிச்சம் இலவசம் அன்று. அதற்குரிய விலையைக் கால் செலுத்தும். தீவகத்தில் அந்த விலை கூடுதல். வைகாசி, ஆனியில் சோளகக் காற்று தாம்போதியில் எதிரே நின்று தள்ளும்போது வெறும் சைக்கிளை மிதிப்பதே பெரும்பாடு. டைனமோவையும் சேர்த்து மிதித்தால் தொடை கடுக்கும். மாரியில் வாடை வீசும். மழையில் நனைந்த ரயரில் டைனமோவின் தலை வழுக்கும். விளக்கு மின்னி மின்னி அணையும். உவர்க்காற்றில் எல்லாம் துருவேறும். முதலில் பழுதாவது விளக்குத்தான், ஏனெனில் அதன் மின்சுற்று சைக்கிளின் உடலூடாகவே நிறைவு பெறுகிறது. பூட்டிய இடத்தில் துருப் பிடித்தால் சுற்று அறுந்துவிடும். இவ்வளவு தொல்லைகளுக்கு மத்தியிலும் மக்கள் விளக்கைப் பேணினார்கள்.

பற்றரி இல்லாத ஐந்தாண்டுகள்

1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருளும் பற்றரியும் தடைப் பட்டியலில் இருந்தன. மண்ணெண்ணெய் பங்கீட்டில் சிறிதளவு கிடைக்கும். வெளியில் அதன் விலை எட்டாத விலை. ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெய் விட்டுத் திரி போட்ட சிக்கன விளக்கில் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. பத்திரிகைகள் கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சாகின. அந்தத் தாளை மங்கிய வெளிச்சத்தில் ஒப்புநோக்கிய கண்கள் எமது தொழிலில் பல உண்டு.

மோட்டார் வாகனங்கள் ஏறத்தாழ ஓய்ந்து, குடாநாடு சைக்கிளில் ஏறியது. வீதி எங்கும் சைக்கிள்தான். நியாயமாகப் பார்த்தால் சைக்கிள் விளக்கின் பொற்காலம் அதுவாக இருந்திருக்க வேண்டும். நிகழ்ந்தது அதற்கு எதிர்மாறு.

பற்றரி கிடையாது. ஆகவே வானொலி கேட்க வழியில்லை. உலகம் என்ன சொல்கிறது, இன்றிரவு எங்கே குண்டு விழும், பேச்சுவார்த்தை நடக்குமா என்பதை அறியத் தவித்த மக்கள் சைக்கிளின் டைனமோவை நாடினார்கள். சைக்கிளை ஸ்ரான்டில் நிறுத்தியோ தலைகீழாகக் கவிழ்த்தோ ஒருவர் பெடலைச் சுற்றுவார். டைனமோ தருவது ஆடலோட்ட மின்சாரம். அதை வானொலிக்கு ஏற்றதாக மாற்ற ஒரு டயோட்டும் ஒரு கொள்ளளவியும் போதும் என்பதைப் பள்ளிக்கூடப் பையன்களும் அறிந்திருந்தார்கள். பெடல் சுற்றும் வேகம் குறைந்தால் குரலும் தேயும். பி.பி.சி. தமிழோசையையும் வெரித்தாஸ் வானொலியையும் அப்படிச் சுற்றிச் சுற்றிக் கேட்ட முற்றங்கள் எத்தனையோ. தீர்ந்துபோன பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு நாள் உயிர் கொடுத்த காலம் அது.

இதை எமது மக்களின் ஆற்றலுக்குச் சான்றாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணுகிறேன். ஆனால் அதன் மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும். வீதிக்குரிய டைனமோ வீட்டுக்குள் போயிற்று. பல்பு எரிந்துபோனால் மறு பல்பு இல்லை. இருப்பதைத் தேயவிடாமல் பாதுகாக்க வேண்டும். ஆகவே இரவில் வீதியில் ஓடியவர்கள் விளக்கின்றி ஓடினார்கள். ஓடவும் முடிந்தது, ஏனெனில் எதிரே வருவதும் சைக்கிளே. மோதினாலும் முழங்கால் உரசும், சில்லு நெளியும். இருவரும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு போவார்கள். மணியை அடித்தும் குரல் கொடுத்தும் இருட்டில் வழி கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். இன்றுள்ள பழக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு. மோட்டார் இல்லாத வீதியில் கற்ற பாடம் அது.

வெளிச்சம் அச்சமான காலம்

தீவகத்துக்கு அந்த ஆண்டுகள் வேறு விதமாகவும் இருண்டன. 1990 ஓகஸ்டில் இராணுவம் ஊர்காவற்றுறை, மண்டைதீவுப் பகுதிகளில் இறங்கியது. மண்டைதீவு, அல்லைப்பிட்டி, வேலணைப் பக்கங்களில் பிடித்துச் செல்லப்பட்ட பலர் வீடு திரும்பவே இல்லை. 1991இல் புங்குடுதீவு உள்ளிட்ட ஏனைய பகுதிகளும் இராணுவத்தின் வசமாயின. வேலணையும் புங்குடுதீவும் ஏறத்தாழ வெறுமையாயின. மக்கள் குடாநாட்டுக்குள் இடம்பெயர்ந்தார்கள். பண்ணைத் தாம்போதி போர்முனையாகி மூடப்பட்டது. 1992 ஓகஸ்ட் 8ஆம் திகதி ஊர்காவற்றுறைத் தீவின் அராலி முனையில் கண்ணிவெடியில் மேஜர் ஜெனரல் டென்சில் கொப்பேகடுவவும் ஏனைய உயரதிகாரிகளும் கொல்லப்பட்டார்கள். வீதி என்பது எவருக்கும் நம்பிக்கையான இடமாக இருக்கவில்லை.

குடாநாட்டில் இரவு வெளிச்சம் ஆகாயத்துக்குத் தெரியக் கூடாது என்ற அச்சம் இருந்தது. கிளாலிக் கடனீரேரியைப் படகில் கடந்தவர்களுக்கு ஒரு தீக்குச்சி வெளிச்சமும் ஆபத்து. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து பல இலட்சம் மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, மழையிலும் இருளிலும் நாவற்குழிப் பாதையில் அவர்களோடு உருண்டவை சைக்கிள்களே. மூட்டை முடிச்சுகளையும் முதியோரையும் சுமந்த அந்தச் சைக்கிள்களில் எவரும் ஏறி ஓடவில்லை. உருட்டும் சைக்கிளில் டைனமோ எரியாது. தீவகத்திலிருந்து வந்து ஒண்டியிருந்தவர்களுக்கு அது இரண்டாம் இடப்பெயர்வு.

பின்வந்த ஆண்டுகள் இரவு ஊரடங்கின் ஆண்டுகள். மாலையானால் வீதி அடங்கும். இரவில் போகாதவனுக்கு இரவு விளக்கு எதற்கு? அனுமதிக்கப்பட்ட நேரத்தின் விளிம்பில் வருபவர் சோதனைச் சாவடிக்கு முன் இறங்கிச் சைக்கிளை உருட்ட வேண்டும். இங்கே டைனமோவின் குறை கொடிய குறையாயிற்று. எந்த இடத்தில் தன்னைத் தெளிவாகக் காட்டிக்கொள்வது உயிருக்குப் பாதுகாப்போ, சரியாக அந்த இடத்தில் வேகம் குறைந்து விளக்கு மங்கி அணையும். 2002இன் போர்நிறுத்தம் சற்று மூச்சுவிட வைத்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் போர், மீண்டும் ஊரடங்கு. 1990இல் பத்து வயதாயிருந்த பிள்ளை 2009இல் இருபத்தொன்பது வயது மனிதன். இரவு வீதியில் விளக்கோடு சைக்கிள் ஓட்டும் இயல்பான வாழ்வை அவன் பெரிதும் கண்டதில்லை. தன் பிள்ளைக்கு அவன் எதைச் சொல்லிக் கொடுப்பான்?

காப்பெற் வீதி

2009இல் போர் முடிந்து ஏ-9 பாதை முழுமையாகத் திறந்தது. குண்டும் குழியுமான வீதிகள் பின்வந்த ஆண்டுகளில் அகன்று, மழமழப்பான காப்பெற் வீதிகளாயின. தவணைக் கட்டணத்தில் மோட்டார் சைக்கிள்கள் வந்து குவிந்தன. நயினாதீவுக்கு வழிபட வரும் தென்னிலங்கை யாத்திரிகர்களின் பேருந்துகளும் வான்களும் வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானுக்கு ஓடத் தொடங்கின. எல்லாம் நல்லவையே. ஆனால் ஓரத்தில் விளக்கின்றி மிதிக்கும் சைக்கிள்காரன் அப்படியே இருந்தான். முன்னர் அவனை மோதியது இன்னொரு சைக்கிள். இப்போது மோதுவது அறுபது கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம்.

அந்த வேகத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு அறுபது கிலோமீற்றர் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 17 மீற்றர். ஆபத்தைக் கண்டு பிறேக்கை அழுத்த ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டாலும், அதற்குள் வாகனம் 25 மீற்றர் ஓடிவிடும். நல்ல வீதியில், நல்ல பிறேக்கோடு நிற்க இன்னும் 20 மீற்றர் வேண்டும். ஆக 45 மீற்றர். தாழ்த்திய முன்விளக்கு, கருமையான உடையணிந்த ஒருவரைக் காட்டுவதும் ஏறத்தாழ அவ்வளவு தூரத்தில்தான். பல வேளைகளில் அதற்கும் குறைவு. எதிரே இன்னொரு வாகனத்தின் ஒளி கண்ணைக் கூசச் செய்தால் அதுவும் இல்லை. சாரதி மது அருந்தாதவராக இருக்கலாம். நல்ல மனிதராகவும் இருக்கலாம். கண்டபின் நிறுத்த அவருக்கு இடமில்லை. சைக்கிளின் பின்னால் ஒரு சிறு சிவப்பு ஒளி இருந்தால் அதை நூறு மீற்றருக்கு அப்பாலும் காணலாம்.

இலங்கையில் ஆண்டுதோறும் வீதி விபத்துக்களில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கையின்படி உலகெங்கும் ஆண்டொன்றுக்கு இறப்பவர்கள் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நடப்பவர்களும், சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் செல்பவர்களும். 2022இல் நாட்டின் பொருளாதாரம் சரிந்தபோது எரிபொருள் வரிசைகள் நீண்டன. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டும் வந்தது. நாடு முழுவதும் சைக்கிளைத் தேடியது. இருண்ட வீதியில் கூடுதல் சைக்கிள்கள் ஓடின. கொழும்புக்கு அது புதுமை. எமக்கு அது பழைய பாடத்தின் மறுவாசிப்பு.

காண்பதற்கா, காணப்படுவதற்கா?

"எனக்கு வீதி தெரிகிறது, பிறகு ஏன் லைற்?" என்பது விளக்கில்லாமல் ஓடுபவர்கள் வழக்கமாகச் சொல்லும் மறுமொழி. அவர் சொல்வது உண்மையே. பழகிய கண்ணுக்கு நட்சத்திர வெளிச்சத்திலும் வீதியின் கோடு தெரியும். ஆனால் அந்த விளக்கு அவர் பார்ப்பதற்காக மட்டும் உள்ளதல்ல. பிறர் அவரைப் பார்ப்பதற்காகவும் உள்ளது. தீவக மக்களுக்கு இதை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. இரவில் வலை விட்டுக் காத்திருக்கும் படகில் ஒரு விளக்கு எரிகிறதே, அது கடலைப் பார்ப்பதற்கா? இன்னொரு படகு வந்து ஏறிவிடாதிருப்பதற்கு. கடலில் இந்த அறிவை ஒருநாளும் கைவிடாத மனிதர், கரையேறிச் சைக்கிளில் ஏறியதும் அதை மறந்துவிடுவது ஏன்? போர்க்காலத்தின் பழக்கம் என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தோன்றவில்லை.

தெறிப்பான் ஒட்டியிருக்கிறேன், அது போதாதா என்பது இன்னொரு கேள்வி. தெறிப்பான் நல்லது, செலவற்றது. ஆனால் அதற்குச் சொந்த ஒளி கிடையாது. வாகனத்தின் விளக்கு அதன் மேல் விழுந்தால்தான் அது மினுங்கும். குறுக்கு ஒழுங்கையிலிருந்து வீதிக்கு ஏறும் சைக்கிளின் தெறிப்பான் எவருக்கும் ஒளி தராது. எதிரே வருவதும் விளக்கில்லாத சைக்கிள் என்றால் இரு தெறிப்பான்களும் இருட்டில் ஒன்றையொன்று கடக்கும்.

விளக்கு உண்மையில் உயிர் காக்கிறதா என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். டென்மார்க்கின் ஓடென்ஸ நகரில் 2004, 2005ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 3,800 சைக்கிளோட்டிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினரின் சைக்கிள்களில் இரவும் பகலும் எரியும் காந்த விளக்குகள் பூட்டப்பட்டன. காயம் ஏற்படுத்திய சைக்கிள் விபத்துக்கள் அவர்களிடையே 19 சதவீதம் குறைவாக இருந்தன. டென்மார்க், ஜேர்மனி, நெதர்லாந்து நாடுகளில் வாழும் எமது உறவுகளுக்கு இது புதிதன்று. லைடனிலும் டெல்ப்ட்டிலும் இரவில் விளக்கின்றிச் சைக்கிள் ஓட்டினால் தண்டம் கட்ட வேண்டும். ஊரில் இருட்டில் ஓடிய அதே கால்கள் அங்கே விளக்கோடு ஓடுகின்றன. ஆகவே இது இனத்தின் குணம் அன்று. சூழலும் சட்டமும் வழக்கமும் சேர்ந்து உருவாக்குவது.

பிரித்தானியச் சைக்கிளோட்டிகளின் பழைய நியாயத்தை நான் மறக்கவில்லை. வேகமாக ஓட்டுபவனின் பொறுப்பே பெரிது. வேகத்தைக் கட்டுப்படுத்துவதும், தாம்போதிகளுக்கு ஒளியூட்டுவதும், மதுபோதைச் சாரதியைத் தண்டிப்பதும் அரசின் கடமைகள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றில் சூரிய ஒளியும் காற்றும் கொண்டு மின்சாரம் வழங்க 2024 மார்ச்சில் இந்திய நிதியுதவியோடு உடன்படிக்கை கைச்சாத்தானது. அந்த மின்சாரம் வீதிகளுக்கும் எட்ட வேண்டும். ஆனால் அரசு தன் கடமையைச் செய்யும் வரை உயிர் காத்திருக்காது.

இன்று விளக்குக்குத் தடையாக இருந்த பழைய காரணம் எதுவும் இல்லை. பற்றரிக்குத் தடையில்லை. எல்.ஈ.டி. வந்துவிட்டது, ஆறு வோல்ற் டைனமோவின் தொடைக் கடுப்பும் இல்லை. கைப்பேசிக்கு ஏற்றும் அதே மின்னேற்றியில் ஏற்றினால் பல இரவுகளுக்கு எரியும். உவர்க்காற்றில் துருவேறாத பிளாஸ்ரிக் உடல். நின்றாலும் அணையாது. உள்ளூராட்சிச் சபை இலக்கத் தகடு வழங்கும்போது முன்னுக்கு வெள்ளை, பின்னுக்குச் சிவப்பு எனச் சிறு விளக்கு இரண்டையும் சேர்த்து வழங்கலாம். வெளிநாடுகளிலிருந்து ஊர்ப் பாடசாலைகளுக்குச் சைக்கிள் அன்பளிப்புச் செய்யும் சங்கங்கள் பல உண்டு. அவை ஒவ்வொரு சைக்கிளோடும் விளக்கையும் பூட்டிக் கொடுத்தால் பெருஞ்செலவு ஆகாது. விளக்கில்லாத சைக்கிளைப் பிள்ளைக்குப் பரிசளிப்பது அரைப் பரிசுதான்.

பத்திரிகைக்காரர்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. 'குடும்பஸ்தர் பலி' என்ற தலைப்பில் நான்கு வரிச் செய்தி வரும். வயது, ஊர், மோதிய வாகனம், பிரேத பரிசோதனை எல்லாம் அதில் இருக்கும். சைக்கிளில் விளக்கு எரிந்ததா என்ற ஐந்தாவது வரி இருப்பதில்லை. இளைய செய்தியாளர்கள் அதையும் கேட்டு எழுதட்டும். இறந்தவர் மேல் பழி போடுவதற்காக அல்ல. அடுத்த வீட்டில் அன்று மாலை சைக்கிளை எடுக்கப் போகும் ஒருவர் அந்த வரியைப் படிப்பார் என்பதற்காக.